அருவியைப் பாருங்கள், அதன் காலடியில் படுக்காதீர்கள்

அருவிக்கு முன்னால் கூடாரம் போட்டு எடுத்த படங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பின்னால் நீர் கொட்டுகிறது, முன்னால் ஆரஞ்சு நிறக் கூடாரம், வாசலில் புகையும் அடுப்பு, கையில் கோப்பையோடு ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். கீழே வரிசையாக இதயக் குறிகள். "இடம் எங்கே?" என்று கேட்பவர்கள் ஏராளம். அவர் இரவு முழுவதும் உண்மையிலேயே அங்கே தூங்கினாரா, தூங்கியிருந்தால் விடியும்போது அவருடைய போர்வை எந்த நிலையில் இருந்தது என்று கேட்பவர் ஒருவரும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வரலாம். அருவி போய்ப் பார்ப்பதற்கான இடம். நீர் நிதானமாக இருந்து, அனுமதியும் இருந்தால் குளிக்கலாம். தங்குவதற்கான இடம் மட்டும் அல்ல. பொதுக்காட்டில் நடக்கவும், மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடவும், கூடாரம் போட்டு இரவைக் கழிக்கவும் எல்லோருக்கும் வழி இருக்க வேண்டும் என்று சொல்பவன்தான் நானும். அந்தக் கூடாரம் அருவியின் இரைச்சல் மெலிந்து கேட்கும் தொலைவில் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இரைச்சலில் இருந்தே தொடங்குகிறேன். பலர் அதற்காகத்தான் நீரோரம் போய்ப் படுக்கிறார்கள். "தாலாட்டுப் போல இருக்கும்" என்கிறார்கள். இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் காட்டில் இரவுக் காவல் கண்ணிடம் இல்லை, காதிடம் இருக்கிறது. சருகு மிதிபடும் ஓசை, கிளை முறியும் ஓசை, தூரத்து இடி, பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர் கூப்பிடும் குரல், மேலே கல் புரளும் சத்தம் என எல்லாவற்றையும் அருவி விழுங்கிவிடும். விலங்கு வருவது உங்களுக்குக் கேட்காது. நீங்கள் இருப்பது விலங்குக்கும் கேட்காது; இரண்டாவதுதான் அதிக ஆபத்து. கரடிகள் நடமாடும் காடுகளில் ஓடையை நெருங்கும்போது உரக்கப் பேசிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ போகச் சொல்வது இதனால்தான். எதிர்பாராமல் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் சந்திப்பு இரு தரப்புக்கும் நல்லதல்ல. இருட்டிய பிறகு தண்ணீருக்கு வரும் உயிர்களுக்குப் பல இடங்களில் இறங்குவதற்குத் தோதான கரை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சமமாக, மணலாக, இறங்க வசதியாக இருக்கும் அதே கரையில்தான் நாமும் கூடாரத்தை விரிக்கிறோம். அந்த இரவு அவை தாகத்தோடு திரும்பும், அல்லது திரும்பாது. இரண்டில் எது நடந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது வெள்ளம். "வானம் தெளிவாக இருந்தது, மழையே இல்லை" என்று தப்பி வந்தவர்கள் சொல்வதைப் படித்திருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மழை அவர்கள் தலைக்கு மேல் பெய்யவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் பெய்தது. பரந்த சரிவுகளில் விழுந்த நீரெல்லாம் சேர்ந்து குறுகிய பள்ளத்தாக்கு வழியாக இறங்கும்போது, கணுக்கால் அளவு நீர் கொஞ்ச நேரத்தில் இடுப்பைத் தாண்டும். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும் என்பது வெள்ள எச்சரிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. பகலில் அறிகுறிகளைக் கவனிக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்குகிறதா, சுள்ளியும் இலையும் மிதந்து வரத் தொடங்குகின்றனவா, இரைச்சலின் கனம் மாறுகிறதா என்று பார்க்கலாம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையைத் தேடாமல், செருப்பைத் தேடாமல், பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏற வேண்டும். இரவில் தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறி எதுவும் எட்டாது. சத்தம் மாறினாலும் ஏற்கெனவே காது அடைத்துப் போயிருக்கும்.

சாப்பிட உட்காரும் முன் ஒரு நிமிடம் கரையோரப் புதர்களை நிமிர்ந்து பாருங்கள். காய்ந்த புல்லும் சுள்ளியும் கிளைகளில் சுற்றிச் சிக்கியிருக்கும். காற்று கொண்டுவந்து மாட்டியதல்ல அது, முந்தைய வெள்ளம் விட்டுப் போனது. சில இடங்களில் அது தலைக்கு மேல் இருக்கும். அந்த உயரத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் ஆறுதான், இன்றைக்கு நீர் இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் கிடையாது. இந்த ஒரு அடையாளத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஆற்று மணலில் குழந்தைகளைத் தூங்க வைக்க மாட்டார்கள்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும், அருவியின் சாரல் அதோடு சேரும், கூடாரத்தின் உள்பக்கத் துணி வியர்க்கும். கொஞ்சம் மேடேறிப் படுத்தவர் உலர்ந்த போர்வைக்குள் உறங்குவார். இதற்கு எந்தத் தத்துவமும் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் நம் பாதுகாப்பு. சாரலிலேயே குடியிருப்பவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு எழுதியதில் எனக்குத் திருப்தி இருக்காது. அருவியைச் சுற்றி எப்போதும் நனைந்திருக்கும் வட்டம் தனி உலகம். பாசிகள், ஈரல் பாசிகள், பெரணிகள், கல்லுக்கடியில் பூச்சிப் புழுக்கள், அவற்றைத் தின்னும் தவளைகள். பத்தடி தள்ளிப் போனால் இவற்றில் பல உயிர்களால் வாழ முடியாது. தான்சானியாவில் கிஹான்சி ஆற்று அருவியின் சாரலில் மட்டுமே ஒரு தேரை இனம் வாழ்ந்தது. முழுதாக வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டரைத் தாண்டாத, மஞ்சள் நிறத் தேரை. பெரும்பாலான தேரைகளைப் போல நீரில் முட்டையிடாமல் குட்டி ஈனும். 1996இல்தான் அதை முதன்முதலில் கண்டார்கள். 2000இல் மேலே ஒரு நீர்மின் அணை இயங்கத் தொடங்கி, ஆற்று நீரின் பெரும்பகுதி திருப்பிவிடப்பட்டது. சாரல் நின்றது. குழாய் போட்டுச் செயற்கையாக நீரைத் தெளித்தும் பார்த்தார்கள். 2009இல் அந்த இனம் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நல்ல வேளையாகச் சில நூறு தேரைகளை முன்னரே பிடித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையிலும் டொலீடோ விலங்குக் காட்சிச்சாலையிலும் அவை பெருகின. பிறகு அவற்றின் வாரிசுகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள்.

அணை வேறு, கூடாரம் வேறு என்று சொல்வீர்கள். சரிதான், ஒரு கூடாரம் ஓர் இனத்தை அழித்துவிடாது. ஆனால் ஓர் உயிரினத்தின் மொத்த உலகமும் ஒரு சாரல் வட்டத்துக்குள் அடங்க முடியும் என்று தெரிந்த பிறகு, அதன்மேல் ஆணி அடித்துக் கயிறு கட்டக் கை எப்படி வருகிறது என்பதுதான் என் கேள்வி. படத்துக்காகக் கல்மேல் கல் அடுக்குகிறவர்களையும் இங்கேயே திட்டிவிடுகிறேன். நீங்கள் புரட்டிய ஒவ்வொரு கல்லுக்கடியிலும் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. காலணியில் ஒட்டிய மண் கூடச் சாதாரணமானதல்ல. நியூசிலாந்தில் கௌரி மரங்களைக் கொல்லும் ஒரு வேர் நோய் மண்ணின் வழியே பரவுகிறது என்பதால், காட்டுத் தடங்களின் வாசலிலேயே காலணியைத் தேய்த்துக் கழுவும் நிலையங்கள் வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு தூரம் தள்ளிப் போக வேண்டும்? வட அமெரிக்கக் காடுகளில் பரவலாகச் சொல்லப்படும் அளவு 60 மீட்டர். பெரியவர் ஒருவர் நன்றாக எட்டி வைத்தால் 70, 80 தப்படி. படுப்பது, பாத்திரம் கழுவுவது, சோப்புப் போட்டுக் குளிப்பது, காலைக்கடன் கழிப்பது எல்லாமே நீரில் இருந்து அந்தத் தொலைவுக்கு அப்பால்தான். காலைக்கடனுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். அதற்கும் ஆழமாகப் போனால் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் குறைவு. ஆழம் குறைந்தால் விலங்குகள் கிளறிவிடும். "என்னுடையது மக்கும் சோப்பு" என்று ஓடையில் தேய்க்கிறவர்கள் அதன் உறையைத் திரும்பப் படிக்கலாம். அது மக்குவது மண்ணில்தான், ஓடும் நீரில் அல்ல. நீரை வாளியில் மொண்டு, தள்ளிப் போய்க் கழுவி, மண்ணில் ஊற்றுங்கள். தரை கூடாரத்துக்கு ஏற்றதா என்று பார்க்கும்போது மேலேயும் பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்கும் மரத்தடி, 60 மீட்டர் தள்ளியிருந்தாலும் வேண்டாம்.

குப்பையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இல்லை, தெரிந்தும் போடுகிறவர் என் பதிவைப் படிக்கப்போவதும் இல்லை. பழத்தோல் மக்கிவிடும்தானே என்பவர்களுக்கு மட்டும் ஒன்று: மக்கும், மாதக்கணக்கில். அதுவரை ஒரு விலங்கு அதை மோந்து, மனிதர் உட்காரும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

நெருப்பில் வேறொரு மயக்கம் இருக்கிறது. பக்கத்திலேயே தண்ணீர் கொட்டுகிறது, தீ என்ன செய்துவிடும் என்று நினைக்கிறார்கள். சாரல் எட்டும் வட்டத்தைத் தாண்டினால் கோடையில் காடு சருகாகக் கிடக்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஈகிள் கிரீக் தடம் அருவிகளுக்குப் பெயர் பெற்றது. 2017 செப்டம்பர் 2ஆம் தேதி அங்கே 15 வயதுச் சிறுவன் ஒருவன் பட்டாசைக் கொளுத்திப் பள்ளத்தில் எறிந்தான். பஞ்ச் பவுல் அருவிப் பக்கம் போயிருந்த ஏறத்தாழ 150 பேர் திரும்பும் வழியில்லாமல் சிக்கி, இரவைக் காட்டிலேயே கழித்து, மறுநாள்தான் வெளியே அழைத்துவரப்பட்டார்கள். 48,000 ஏக்கருக்கு மேல் தீ பரவியது. அந்தச் சிறுவன் 3.6 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கட்ட வேண்டும் என்று மறு ஆண்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே சிக்கியவர்கள் அருவியைப் பார்க்கப் போனவர்கள், தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். சமைக்கத்தான் வேண்டும் என்றால் அனுமதி உள்ள இடத்தில் சிறிய எரிவாயு அடுப்பு போதும். விறகு மூட்ட அனுமதி இருந்தால், கிளம்பும்போது நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் நெருப்பு இன்னும் அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்தால் கங்கு உள்ளே வேர் வழியாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் "நமக்கென்ன" என்று இருக்க வேண்டாம். விழும் நீரோடு காற்றும் கலந்து நுரைக்கும் இடத்தில் உடல் வழக்கம்போல் மிதக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் அடிச்சுழல் திரும்பத் திரும்ப அருவிக்கடியில் இழுக்கும். போன ஆண்டு குதித்த மடுவில் இந்த ஆண்டு வெள்ளம் ஒரு பாறையை உருட்டி வைத்திருக்கலாம். அருவியின் உச்சி இன்னும் மோசம், அங்கே வழுக்கினால் பிடிக்க எதுவும் இல்லை. 2011 ஜூலையில் அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 97 மீட்டர் உயர வெர்னல் அருவியின் உச்சியில், தடுப்புக் கம்பியைத் தாண்டிய மூன்று பேரை நீர் அடித்துக்கொண்டு போனது. அங்கே கம்பியும் இருந்தது, எச்சரிக்கைப் பலகையும் இருந்தது.

"அப்படியானால் காட்டையே பூட்டிவிடலாமா?" என்று யாராவது கேட்பீர்கள். கூடாது. விபத்து நடந்ததும் கதவைச் சாத்துவது அதிகாரிகளுக்கு எளிது, ஆனால் காட்டைப் பார்க்காதவர் அதற்காகப் பேச வரமாட்டார். நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தவெளிகளில் யாரும் நடக்கவும் கூடாரம் போடவும் உரிமை தருகிறது. அதே சட்டம், குடியிருக்கும் வீட்டில் இருந்து 150 மீட்டர் தள்ளித்தான் கூடாரம் இருக்க வேண்டும் என்கிறது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டையொட்டியும் தீ மூட்டப் பொதுத் தடையும் அங்கே உண்டு. உரிமையும் தொலைவும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. கூட்டம் நெரியும் அருவிகளில் நேரம் ஒதுக்கி, எண்ணிக்கை வரம்போடு அனுமதிச் சீட்டுத் தருவதையும் நான் ஆதரிக்கிறேன். முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள், ஒரே நேரத்தில் ஐந்நூறு பேர் நிற்கும் மடுவில் என்ன அழகைக் காண்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகும் குழுக்களோடு போகிறவர்கள், பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கூடாரம் நீரில் இருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கும்? வழியில் வானிலை மாறினால் திரும்பலாம் என்று முடிவு செய்யப்போகிறவர் யார், அவர் நம்மோடு நடந்து வருகிறாரா? முதல் கேள்விக்குப் பதிலாக அருவிக்கு முன்னால் எடுத்த அந்த ஆரஞ்சுக் கூடாரப் படத்தை அனுப்பினார்கள் என்றால், இரண்டாவது கேள்வியைக் கேட்கவே வேண்டாம். வேறு குழுவைப் பாருங்கள்.