கடைசிப் பெயர் இல்லாத பாவிகள்

எந்த ஆன்லைன் படிவத்தைத் திறந்தாலும் சிவப்பு நட்சத்திரம் போட்டு நிற்கிறது, 'லாஸ்ட் நேம்'. நமக்கு ஏது அது? பெயருக்குப் பின்னால் சாதியைப் போட வேண்டாம் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டாயிற்று. மிச்சமிருப்பது அப்பாவின் இனிஷியல் ஒன்றுதான். அதைப் போட்டால், 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று திட்டுகிறது.

சரி, முருகேசன் என்று அப்பா பெயரை முழுசாகவே அடித்தேன். அப்புறம் வந்த மெயிலெல்லாம் 'அன்புள்ள முருகேசன்'. டிக்கெட் காசு என்னுடையது, வரவேற்பு அப்பாவுக்கு!

பெண்கள் பாடு இன்னும் மோசம். சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் முழுப் பெயர். மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்க அலையோ அலை.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கினால், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சடித்துத் தருவார்கள். 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்', அதாவது முதல் பெயர் தெரியாதவராம்! 2022 நவம்பரில் அமீரகம், ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசாவே கிடையாது என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள்.

ஐஸ்லாந்திலும் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். ஆனால் அதோடு 'சொன்' (மகன்), 'டோட்டிர்' (மகள்) என்று ஒரு வால் ஒட்டியிருப்பதால் கட்டம் நிரம்பிவிடுகிறது. கொடுத்து வைத்தவர்கள்.

வெளிநாட்டுக்காரன் கேட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சென்னையில் உட்கார்ந்து இந்தப் படிவங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிற, தானும் இனிஷியலோடு திரிகிற நம்ம ஆளுக்கு அந்த நட்சத்திரத்தைப் போட எப்படித்தான் மனசு வருகிறதோ!