மணலும் கருவாடும்

சனிக்கிழமை ராத்திரி நடந்ததை உங்களில் பலர் கூடவே இருந்து கேட்டீர்கள். அதனால் முழுக்கதையையும் சொல்லப் போவதில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

வாரம் ஒரு ராத்திரி எல்லாரும் அவரவர் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் சேர்ந்து பறப்பது, எங்கே போவது என்பதை வாரம் ஒருத்தர் முடிவு செய்வது என்றுதான் பேச்சு. ஐந்து மாதம் கழித்து என் முறை வந்தது. மதுரையில் கிளம்பி, வைகையைப் பிடித்துக்கொண்டே கிழக்கே வந்து, பாம்பன், தனுஷ்கோடி, அப்புறம் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் என்றேன். "அங்க என்னய்யா இருக்கு? மணலும் கருவாடும்தானே" என்றார் நம் மூன்று மானிட்டர் அண்ணன். எல்லாரும் சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டு நேபாள மலைமேல் இருக்கும் லுக்லாவுக்குப் போனீர்கள், ஆறாவது தடவையாக.

கருவாட்டைச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. கருவாடு நல்ல பொருள். அந்த "அங்க என்ன இருக்கு"தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

சரி, லுக்லாவில் என்ன இருக்கிறது? 527 மீட்டர் ரன்வே. மேடேறுவது மாதிரி சரிவு. முடிகிற இடத்தில் மலை. முதல் தடவை இறங்கும்போது எனக்கும் கை நடுங்கியது, ஒத்துக்கொள்கிறேன். ஆறாவது தடவை என்ன பார்த்தீர்கள்? அதே மலை. அடுத்த வாரம் பிரான்ஸ் மலையிலுள்ள கூர்ஷவெல் என்று பேச்சு அடிபடுகிறது, அது 537 மீட்டர். அதற்கடுத்து கரீபியன் தீவு சாபா, 400 மீட்டர். அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் தேடுகிறோம். இந்த சிமுலேட்டருக்குள் 37 ஆயிரம் விமான நிலையங்கள் இருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படத்தால் போர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். நாம் சுற்றிச் சுற்றி வருவது ஐந்து ஊர்.

என் கட்சி சின்னது. ரன்வே எவ்வளவு குட்டை என்பதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜன்னல் வழியாகக் கீழே எதைத் தேடப் போகிறீர்கள் என்று யோசித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். தேட எதுவும் இல்லாதவனுக்கு இமயமலையும் வெறும் வால்பேப்பர்தான்.

மதுரையிலிருந்து 2,000 அடியில் வந்து பாருங்கள். வைகையில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் தெரியும், ஆனால் வழி தவறாது. மானாமதுரை, பரமக்குடி. இரண்டு பக்கமும் கண்மாய்கள், ஒன்று நிரம்பி அடுத்ததற்கு ஓடுகிற மாதிரி வரிசையாக. ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டினால் நிலம் மெலிந்துகொண்டே போகும். மண்டபத்துக்கு வந்தால் இடது பக்கம் பாக் விரிகுடா, வலது பக்கம் மன்னார் வளைகுடா. இங்கே பெண்கடல், ஆண்கடல் என்பார்கள், ஒன்று குளம் மாதிரி கிடக்கும், மற்றது சும்மா இருக்காது. தெற்கே தூத்துக்குடி வரைக்கும் வளைகுடாவில் 21 தீவுகள் என்பது கணக்கு. முயல் தீவு, மனோலி, குருசடை என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வரலாம். இரண்டு தீவுகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன, ஆகவே எண்ணிக்கை இடிக்கும். மதுரையிலிருந்து பாம்பனுக்கு செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம். இதில் எது "ஒன்றுமில்லை" என்று எனக்குப் புரியவில்லை.

"சவாலே இல்லையே, எல்லாம் சமதரை" என்பீர்கள். ஆடி மாதம் நிஜ வானிலையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். விமானக்காரர்கள் வேகத்தை அளக்கும் கணக்கில் அது கிட்டத்தட்ட 31 நாட். செஸ்னா 172-க்குக் குறுக்குக் காற்றில் சோதித்துக் காட்டிய அளவு 15 நாட். அந்தக் காற்று குறுக்கே அடிக்கும்போது உச்சிப்புளியில், அதாவது 2009-இல் ஐஎன்எஸ் பருந்து என்று பெயர் வைத்த கடற்படைத் தளத்தில், இறக்கிக் காட்டிவிட்டு என்னிடம் சமதரையைப் பற்றிப் பேசுங்கள்.

"சீனரி, அதாவது கீழே தெரியும் ஊரின் படம், மட்டமாக இருக்கும்." இதற்கு என்னிடம் பதில் இல்லை, உண்மைதான். என் கணினியில் பாம்பன் பாலம் தண்ணீர்மேல் கோலம் போட்ட மாதிரி தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது. எங்கள் சீமைக் கருவேலங்காட்டில் வானுயர மரங்களை நட்டு வைத்திருக்கிறது. தங்கச்சிமடத்தில் ஐரோப்பிய ஓட்டு வீடுகள். பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வரும். ஆனால் நாம் யாரும் போகாத ஊருக்கு யார் உட்கார்ந்து சீனரி செய்வார்கள்? சரி, விடுங்கள்.

என்னைச் சுட்டது வேறு. ஸ்காட்லாந்தில் பார்ரா என்று ஒரு தீவு. அங்கே கடற்கரை மணல்தான் ரன்வே, கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் விமானம் இறங்கும். போன மாதம் அங்கே போனோம். "ஆஹா, என்ன அழகு" என்று பன்னிரண்டு ஸ்கிரீன்ஷாட் போட்டவர் இதே அண்ணன். பார்ராவில் இருந்தால் மணல் அழகு, தனுஷ்கோடிக் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் இருந்தால் மணலும் கருவாடும்.

இன்னொன்று. ஹாங்காங்கின் கை டாக் விமான நிலையத்தை 1998-இல் மூடிவிட்டார்கள், நாம் இன்னும் பழைய சீனரியைத் தேடிப் போட்டு அந்தக் கட்டட இடுக்கில் வளைந்து இறங்குகிறோம். சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு பழைய சிமுலேட்டர்களில் நாம் முதலில் கண் விழித்த ரன்வே. 2003-இல் ஒரே ராத்திரியில் புல்டோசர் விட்டுப் பெரிய பெரிய பெருக்கல் குறியாகத் தோண்டிப் போட்டார்கள். அதற்கு நம் ஆட்கள் விடும் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன். நானும் விட்டிருக்கிறேன். போய்விட்ட ரன்வேக்கு இவ்வளவு துக்கம் கொண்டாடத் தெரிந்தவர்களுக்கு, போய்விட்ட ஓர் ஊர்மேல் வட்டமடிக்க அரை மணி நேரம் இல்லை.

என் அப்பத்தா தனுஷ்கோடிக்காரி. அவளுடைய அப்பா ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவே மூட்டை தூக்கியவர். சென்னையிலிருந்து போட்மெயில் ரயிலில் வருகிற சனம் தனுஷ்கோடியில் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய காலம். 1964 டிசம்பர் 22 ராத்திரி இவர்கள் ராமேஸ்வரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்தார்கள். அதனால்தான் நான் இருக்கிறேன். புயலும், பாசஞ்சர் ரயிலை அலை கொண்டுபோனதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன பொங்கலுக்கு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினேன். பாம்பன் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ராமேஸ்வரம் தாண்டியதும், "இம்புட்டு வேகமாப் போனா எங்கிட்டுப்பா பாக்குறது" என்றாள். வேகம் குறைய இறக்கையின் ஃபிளாப்பை முழுசாக இறக்கி, 60 நாட் வேகத்துக்குக் கொண்டுவந்து, 300 அடியில் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனில் விரலை வைத்துவிட்டாள். "ஸ்டேசன் இங்கிட்டு. இல்ல, இன்னும் கொஞ்சம் அங்கிட்டு." அங்கே வெறும் மங்கலான கறை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஏழு தடவை திரும்பத் திரும்ப வட்டமடித்தேன். லுக்லாவில் இறங்கியபோதுகூட என் உள்ளங்கை அப்படி வியர்த்ததில்லை. அரிச்சல்முனை தாண்டி அப்படியே மணல்திட்டுகள் மேலே போகச் சொன்னாள். முப்பது கிலோமீட்டர், பத்து நிமிஷம், தலைமன்னார் வந்துவிட்டது. "இம்புட்டுத்தானா?" என்றாள். அப்புறம் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

"உணர்ச்சிவசப்படுகிறான்" என்று இந்நேரம் யாராவது டைப் செய்துகொண்டிருப்பீர்கள். ஆமாம், படுகிறேன். "இலங்கைப் பக்கம் போவானேன், வீண் அரசியல்" என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். ஐயா, எங்கள் தெருவில் படகு பிடிபட்டு வருஷக்கணக்கில் திரும்பி வராத வீடு இருக்கிறது. அந்தக் கடலை யாரும் பிடிக்காமல் தாண்ட முடிவது இந்தக் கணினியில் மட்டும்தான். அதையும் வேண்டாம் என்கிறீர்களா?

"அங்க என்ன இருக்கு" எங்களுக்குப் புதுசு இல்லை. கோபம் வந்தால் அதிகாரிகள் மிரட்டுவது எப்படி? "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." அந்தக் காடு நாங்கள்தான். கல்லூரியில் ஊர் ராமநாதபுரம் என்று சொன்னதும் பக்கத்துப் பையன் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பு, சனிக்கிழமை ஹெட்போனில் அப்படியே கேட்டது. ராமேஸ்வரத்துக் கடற்கரையில் பறவைகளைக் காட்டி, பறப்பது எப்படி என்று கலாமுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த ஊர் வாத்தியார். அந்தப் பையன் 2006-இல் ஜனாதிபதியாக சுகோய் போர் விமானத்தில் ஏறினார். அதே ஊரிலிருந்து இன்றைக்குப் பயணிகள் விமானம் பிடிக்க மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். நான் நிஜத்தில் ஏறியது ஒரே ஒரு தடவை, மதுரையிலிருந்து சென்னைக்கு. அதுவும் நடு சீட். ஜன்னலோரத்து ஆள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிவிட்டார்.

எங்கிருந்தோ எங்கேயோ வந்துவிட்டேன். அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. அவருடைய ஜாய்ஸ்டிக் என்னுடைய கணினியைவிட விலை அதிகம், அதிலும் பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி சரியாக ஒன்பது மணிக்கு மதுரையில் டேக்-ஆஃப். யார் முறை என்று கேட்காதீர்கள், என் முறையைத்தான் லுக்லாவுக்கு எடுத்துக்கொண்டுவிட்டீர்களே. வருகிறவர்கள் வரலாம், மற்றவர்கள் மலையில் முட்டிக்கொள்ளலாம். தாமதமாக வருகிறவர்களுக்காக ரன்வேயில் காத்திருக்க மாட்டேன். அப்பத்தா பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிடுவாள்.