படகை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

புயல் வருவதாக எச்சரித்தும் மீனவர்கள் நிவாரண முகாமுக்குப் போகாதது வெறும் அலட்சியம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடப்பதற்கு முந்தைய மாலை, என் தாயார் குடும்ப அட்டையையும் பட்டாவையும் பாலித்தீன் உறையில் சுற்றி எவர்சில்வர் தூக்கில் வைத்து எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். தந்தையோ படகை மேட்டில் ஏற்றிக் கட்டாமல் வர மறுத்து, இருட்டும் வரை கரையிலேயே நின்றார். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாளிலேயே படகுகளை இழுக்க டிராக்டரும் ஆடுமாடுகளுக்குக் கொட்டகையும் (முகாம் கழிவறையில் தண்ணீரும்) கிடைத்தால், ஆட்கள் தாமாகவே கிளம்புவார்கள். காற்று அடங்கியதும் வீடு திரும்புவதுதான் உண்மையான அலட்சியம். ஏனெனில், 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் புதுச்சேரி அருகே பல மணி நேரம் நகராமல் நின்று மழையைக் கொட்டியது.