சக் பெர்ரியின் கடைசி ஆல்பம்: கட்டுரையாளருக்கு ஒரு மறுப்பு

அமெரிக்க ராக் அண்ட் ரோல் கலைஞர் சக் பெர்ரியின் கடைசி ஆல்பமான 'சக்'கில் புதிதாக எதுவும் இல்லை, பழைய கிட்டார் மெட்டுகளையே திரும்ப வாசித்திருக்கிறார் என்று அதை விமர்சித்த கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மெட்டுகளை உலகுக்குக் கொடுத்தவரே அவர்தானே! பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் போன்ற இசைக்குழுக்களே அவரிடமிருந்துதான் கற்றார்கள்.

1979-க்குப் பிறகு 38 ஆண்டுகள் அவர் புதிய ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் வெளியிடவில்லை. 2016 அக்டோபரில், தம் 90-வது பிறந்தநாளில் இந்த ஆல்பத்தை அறிவித்தார். 2017 மார்ச்சில் மறைந்தார். ஜூனில் ஆல்பம் வந்தது. மகன் கிட்டார், மகள் இங்கிரிட் ஹார்மோனிகா, கூடவே செயின்ட் லூயிஸ் நகர மேடையில் ஆண்டுக்கணக்கில் அவருடன் வாசித்த குழுவினர். மனைவி தெமெட்டாவுக்குச் சமர்ப்பணம்.

'டார்லின்' பாடலைத் தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள். தமக்கு வயதாகிவிட்டதை மகளிடம் சொல்லும் தந்தையின் பாட்டு அது. மகளே உடன் பாடுகிறார். குரல் தேய்ந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தேய்வு இல்லாமல் இந்தப் பாட்டைப் பாடவே முடியாது. இருபத்தைந்து வயதில் அவரே பாடியிருந்தாலும் இவ்வளவு உருக்கியிருக்காது.

இதே ஆல்பத்தின் 'லேடி பி. குட்' பாடல் எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவருடைய புகழ்பெற்ற பழைய பாடலான 'ஜானி பி. குட்'டை நினைவூட்டுவதைத் தாண்டி அது எங்கும் போகவில்லை. அதற்காக முழு ஆல்பத்தையும் ஒதுக்குவது அநியாயம். கட்டுரையைப் படித்த இளைஞர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் வருத்தம்.