ரூத் சிம்மன்ஸ் செய்த பெரிய காரியம்

ரூத் சிம்மன்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும், "ஐவி லீக் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஐவி லீக் என்பது ஹார்வர்டு, பிரவுன் உட்பட அமெரிக்காவின் பெயர்பெற்ற எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களின் கூட்டம். எனக்கு இது போதவில்லை. அந்தப் பதவியில் அமர்ந்து அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம்.

1945இல் டெக்சாஸில், குத்தகை விவசாயக் குடும்பத்தில் 12ஆவது பிள்ளையாகப் பிறந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கி, 1995இல் ஸ்மித் மகளிர் கல்லூரியின் தலைவரானார். அங்கே பொறியியல் படிப்பைத் தொடங்கினார். அமெரிக்க மகளிர் கல்லூரிகளில் அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை.

அப்புறம் 2001இல் ஐவி லீக்கைச் சேர்ந்த பிரவுன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அந்தப் பெயரைத் தந்த பிரவுன் குடும்பம் அடிமை வணிகத்திலும் ஈடுபட்டது. கல்லூரி தொடங்கிய அதே 1764இல், அவர்களுடைய 'சாலி' கப்பல் ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே அடிமைகளாக வாங்கிய 196 பேரில் குறைந்தது 109 பேர் செத்துப்போனார்கள். சாவுகள் எந்தெந்த நாளில் நடந்தன என்று கப்பல் கணக்குப் புத்தகத்திலேயே வரிசையாக எழுதியிருக்கிறது, சரக்குக் கணக்கைப் போல.

இதை விசாரிக்க 2003இல் சிம்மன்ஸ் ஒரு குழு அமைத்தார். அவரே அடிமைகளின் வம்சாவளி. "சொந்த இனத்துக்காகச் செய்கிறார்" என்று பேச்சு வரும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? நன்கொடையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் எந்தப் பல்கலைக்கழகத் தலைவருக்கும் உண்டு. அதையெல்லாம் பார்த்து அவர் ஒதுங்கவில்லை. 2006இல் வந்த அறிக்கை எதையும் பூசி மெழுகவில்லை. பிறகு ஹார்வர்டு, ஜார்ஜ்டவுன் என்று மற்ற பல்கலைக்கழகங்களும் தங்கள் பழைய ஆவணங்களைப் புரட்ட வேண்டி வந்தது. கட்டடம் கட்டி, நிதி திரட்டிப் போகிற தலைவர்கள் நிறைய உண்டு. தன் நிறுவனத்தின் மேலேயே விசாரணை வைத்தவர்கள் ரொம்பக் குறைவு.

ஓய்வுபெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. 2017இல், டெக்சாஸில் பழைய பண்ணையடிமைத் தோட்டம் ஒன்று இருந்த நிலத்தில் நிற்கும் பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தை ஏற்று நடத்தினார். கறுப்பின மாணவர்களுக்காக 1876இல் உருவான அந்த நிறுவனத்துக்கு 2020இல் அமெரிக்கக் கோடீஸ்வர நன்கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 5 கோடி டாலர் கொடுத்தார். 2023இல், பதவிக்காலத்தின் கடைசி மாதங்களில் தன் அதிகாரம் சுருக்கப்படும் என்று தெரிந்ததும், பெயரளவுக்குத் தலைவராக இருக்க மாட்டேன் என்று முன்கூட்டியே விலகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 77.