ஆட்டோபே எல்லா பில்லுக்கும் ஒத்துவராது
பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும்படி ஆட்டோபே போட்டுவிட்டால் பில்லை மறந்தே விடலாம் என்கிறது, ஆன்லைனில் பில் கட்டுவது பற்றிய இந்தக் கட்டுரை. அந்த மறதிதான் எனக்குப் பயம். மாதாமாதம் ஒரே தொகை வரும் இணையக் கட்டணத்துக்குச் சரி; மின்சாரம், தண்ணீர் என்று மீட்டர் பார்த்துப் போடும் பில்லுக்கு எப்படி? எங்கள் வீட்டில் ஒருமுறை ரீடிங்கைத் தப்பாகக் குறித்துவிட்டு எக்கச்சக்கமான தொகைக்கு பில் அனுப்பினார்கள். நாங்களே பார்த்துக் கட்டுவதால், கட்டும் முன்பே புகார் செய்து திருத்த முடிந்தது. பணம் போன பிறகென்றால் திரும்ப வாங்க அலைய வேண்டியதுதான். அதற்காக வரிசையில் போய் நிற்கச் சொல்லவில்லை. கவுன்ட்டர் ரசீதுதான் ஆதாரம் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார்; ஆன்லைனில் கட்டினால் வரும் பரிவர்த்தனை எண்ணும் ஆதாரம்தானே, நாளடைவில் எழுத்து மங்கிப்போகும் தெர்மல் தாள் ரசீதைவிட அது மேல். ஆன்லைனிலேயே கட்டுங்கள், ஆனால் தொகையைப் பார்த்துவிட்டு நீங்களே பட்டனை அழுத்துங்கள். அப்புறம், கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம். பணம் போய்ச் சேர சில சமயம் ஓரிரு நாள் பிடிக்கும்.