ஓகே செல்போனில் பிறக்கவில்லை

"ஆங்கிலத்தை வேண்டுமென்றே தப்பாக எழுதுவது எஸ்எம்எஸ் தலைமுறையின் வியாதி" என்று எழுதிய ஒருவர் "ஓகேவா?" என்று முடித்திருக்கிறார். அந்த ஓகேயே அப்படிப் பிறந்ததுதான் சார்! 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் அச்சானது. 'ஆல் கரெக்ட்' என்பதில் ஏ-க்குப் பதில் ஓ, சி-க்குப் பதில் கே போட்டு, முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்ட கிண்டல். 'ஆல் ரைட்'டையும் விடவில்லை. ரைட்டுக்கு முன்னால் ஒரு டபிள்யூவை ஒட்டி 'ஓ.டபிள்யூ.' ஆக்கினார்கள். பாவம், அது நிலைக்கவில்லை. ஓகேக்கு மட்டும் 1840 அமெரிக்க அதிபர் தேர்தல் கைகொடுத்தது. வேட்பாளர் வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹூக். ஆதரவாளர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்றார்கள். சுருக்கினால் அதுவும் ஓகே. இதைப் பழைய நாளிதழ்களைப் புரட்டி 1960களில் நிறுவியவர் அமெரிக்க மொழியியலாளர் ஆலன் வாக்கர் ரீட்.